அக்கரைத் தமிழுக்குப் பிழை திருத்தியவன்

லாரி மோதி யாராவது இறந்துவிட்டால், சென்னையில் நான் வேலை பார்த்த நாளிதழில் ‘பலி’ என்று போடுவோம். இரண்டே எழுத்து. ஒற்றைப் பத்தித் தலைப்பில் அடங்கிவிடும். கோலாலம்பூரில் நான் போய்ச் சேர்ந்த நாளிதழில் அதே செய்திக்கு ‘மாண்டார்’ என்று போடுவார்கள். 1998 ஜனவரி, வேலையில் சேர்ந்த மூன்றாவது இரவு. லோரி மோதி மோட்டார் சைக்கிளோட்டி மாண்டார் என்று ஒரு செய்தி என் மேசைக்கு வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்தேன். ‘லோரி’யை ‘லாரி’ ஆக்கினேன். போர்க்களத்தில் விழுந்தவர்களைப் பற்றித்தான் ‘மாண்டார்’ என்று அதுவரை படித்திருந்தேன். அதையும் அடித்துவிட்டுப் ‘பலி’ என்று எழுதினேன்.

பக்கத்து மேசையில் மெய்ப்புப் பார்க்கும் பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்து, அச்சுக் கோக்கும் வேலையிலிருந்து மெய்ப்புக்கு வந்தவர். நான் திருத்திய தாளை வாங்கிப் பார்த்தார்.

“தம்பி, ஆடு கோழிக்குத்தான் பலி. மனுசன் செத்தா மாண்டார்னு எழுதுங்க.”

“ஊர்ல இப்படித்தான் அண்ணே போடுவோம்.”

“அது உங்க ஊரு. காலையில பேப்பரைப் பிரிக்கிறது அந்தப் பையனோட அம்மா.”

அவர் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. ‘பலி’யை அடித்துவிட்டு, ‘மாண்டார்’ என்று ஓரத்தில் எழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். பதினான்கு வருடம் டெஸ்க்கில் இருந்தவன் நான். சந்திப்பிழை கண்ணில் பட்டால் தூக்கம் வராது. அந்தத் தகுதியை நம்பித்தான் என்னை வரவழைத்திருந்தார்கள். மூன்றாவது இரவே என் தமிழ் அந்த வாசகருக்குப் போதாது என்று தெரிந்துவிட்டது. அடுத்த பதினெட்டு வருடம் அங்கே நான் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த ஒரு பாடத்தின் தொடர்ச்சிதான்.

அக்கரைக்குப் போய்ப் பத்திரிகை வேலை பார்த்தவர்களின் வரிசை நீளமானது. திருவாரூரில் பிறந்த கோ. சாரங்கபாணி 1924இல் சிங்கப்பூர் போனார். 1935இல் ‘தமிழ் முரசு’ கண்டார். அதே 1924இல்தான் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் ‘தமிழ் நேச’னைத் தொடங்கினார். இடைசெவல் கு. அழகிரிசாமி 1952இல் தமிழ் நேசனுக்கு ஆசிரியராகப் போனார். 1957இல் திரும்பும்வரை அங்கே இளைஞர்களைக் கூட்டி வைத்து எழுத்தைப் பற்றிப் பேசினார். காவடிச் சிந்துக்குப் பதிப்பு கண்ட கை அது. எங்கள் பெரியவர் அப்போது சிறுவன். கிராணி என்கிற தோட்டத்துக் குமாஸ்தா வீட்டுக்கு வரும் தமிழ் நேசனை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாங்கிவந்து எழுத்துக் கூட்டிப் படித்ததைச் சொல்லுவார். “நம்ம பிள்ளைங்க எழுதினதை உக்காந்து திருத்திக் காட்டுவாராம்” என்று அழகிரிசாமியைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் தணியும். அந்த நாற்காலிகளின் வழியில் வந்தவன் நான் என்கிற நினைப்பு எனக்கு உள்ளூர இருந்தது. அது பெருமையா பயமா என்று பிரித்துச் சொல்ல அன்றைக்குத் தெரியவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1997 தொடக்கத்தில் சம்பளம் பேசும்போது ஒரு ரிங்கிட் கிட்டத்தட்டப் பதினான்கு ரூபாய். வேலை பெர்மிட் கைக்கு வந்து நான் விமானம் ஏறுவதற்குள் ஆசியப் பணநெருக்கடி வந்து, ரிங்கிட் ஒன்பது ரூபாய்க்கு இறங்கிவிட்டது. 1998 செப்டம்பரில் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று அரசு கட்டி நிறுத்தியபிறகு பதினொரு ரூபாய் அளவுக்கு மீண்டது. ஆனாலும் மூன்று வருடத்தில் மனை வாங்கலாம் என்று போட்ட கணக்கு நான்கைத் தாண்டியது. கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. சாலைக்குக் கிழக்கே ஒரு மனை, பிறகு கடன் வாங்கி அதில் ஒரு வீடு. 2004இல் புதுமனை புகுந்தோம். மனைவியும் அம்மாவும் இங்கே, நான் அங்கே.

சொற்களுக்கு வருகிறேன். மருத்துவமனையில் நாம் செவிலியர் என்பவரை அங்கே தாதி என்பார்கள். பெண் என்று நாம் பொதுவாக எழுதும் இடத்தில் மாது. ரம்ஜான் அங்கே நோன்புப் பெருநாள், பக்ரீத் ஹஜ்ஜுப் பெருநாள், கால்பந்து காற்பந்து, சர்வதேசம் அனைத்துலகம். வயதானவர்கள் எழுதும் கடிதங்களில் காசுக் கணக்கு வெள்ளியில்தான் வரும், ரிங்கிட் வராது. அதைப் படிக்கும்போது வெள்ளிக்கிழமையா வெள்ளிப் பணமா என்று ஒரு நொடி நிதானிக்க வேண்டும். எண்ணெய்ப் பனைக்கு அவர்கள் வைத்த பெயர் செம்பனை. பழக்குலையின் நிறத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அந்த மரத்தைப் பற்றி எழுதும் யாரும் இந்தச் சொல்லைக் கடன் வாங்கலாம். காலை உணவு உண்பதைப் பசியாறுவது என்பார்கள். அலுவலகத்துக்குள் நுழைந்ததும் “பசியாறியாச்சா?” என்று கேட்பார்கள். டிபன் சாப்பிட்டாச்சா என்று நாம் கேட்பதைவிட அது எனக்கு நெருக்கமாக இருந்தது.

இதையெல்லாம் நீளமான ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். இடப்பக்கம் அங்குள்ள சொல், நீலப் பால்பாயின்ட் பேனாவில். வலப்பக்கம் நம் ஊர்ச் சொல், சிவப்பு மைப் பேனாவில். முதல் வருடத்திலேயே ஒரு நோட்டு நிறைந்தது.

பெயர்களுக்குத் தனி நோட்டு வேண்டியிருந்தது. மலாய்க்காரர்களுக்குத் தம் பெயர் முன்னால், தந்தை பெயர் பின்னால். மகாதீர் பின் முகமது என்றால் அவர் மகாதீர். முகமது என்று குறிப்பிட்டால் அவருடைய அப்பாவைச் சொன்னதாகும். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால். லிம் கிட் சியாங் என்பவர் லிம். தமிழர்களின் அடையாளக் கார்டில் நடுவே ‘அனாக் லெலாக்கி’ வரும், இன்னாரின் மகன் என்று அர்த்தம். 2003இல் அப்துல்லா அகமது படாவி பிரதமரானபோது வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் காப்பி முழுக்கப் ‘படாவி’ என்றே வந்தது. உள்ளூரில் அவர் அப்துல்லா. படாவி அவருடைய தந்தை பெயரில் உள்ளது. ஒவ்வொரு காப்பியிலும் தேடித் தேடி மாற்றுவேன். மூன்று இனத்தின் பெயர் முறையும் ஒரே பக்கத்தில், சில நாள் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கும். ஒருவரின் பெயரைச் சரியாகப் போடுவதுதான் பத்திரிகை அவருக்குச் செய்யும் முதல் மரியாதை என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து கிடையாது.

பட்டங்கள் அதைவிடச் சிக்கல். துன், டான் ஸ்ரீ, டத்தோஸ்ரீ, டத்தோ என்று படிப்படியாகப் போகும். மத்தியில் மாமன்னர் தருவது, மாநிலத்தில் சுல்தான் தருவது என்று வேறுபாடு உண்டு. ஒருவர் கணவர் டத்தோ ஆனதால் டத்தின் ஆனவரா, அல்லது தாமே பட்டம் வாங்கியவரா என்று பார்க்க வேண்டும். மன்னர் பிறந்தநாள்களில் பட்டியல் வெளிவரும். ஒருமுறை முந்தின வாரம்தான் டத்தோ ஆன ஒருவரைப் பழையபடி திரு என்று விட்டுவிட்டேன். கோயில் திருப்பணிக்காகப் பத்து வருடம் அலைந்தவர். அந்தப் பட்டத்தில் அவருடைய ஊரே சந்தோஷப்பட்டிருந்தது. மறுநாள் காலை அவருடைய மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். திட்டவில்லை. “அப்பா அந்தப் பக்கத்தை வெட்டி வைக்கலாம்னு இருந்தாரு, சார்” என்று மட்டும் சொன்னாள். வேறொரு நாள் வேறொரு செய்தியில் சரியாகப் போட்டோம். ஆனால் அவர் வெட்டி வைக்க நினைத்த பக்கம் அதுவல்ல.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி பத்திரிகைக்கு உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். 2012இல் திருத்தம் வரும்வரை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இனம், மதம், அரச குடும்பம் ஆகிய மூன்றிலும் ஒரு சொல் தவறினாலும் ஆபத்து. அந்நியனான என்னால் ஐம்பது குடும்பங்களின் அடுப்பு அணைந்துவிடக் கூடாது என்பதால் அந்தச் செய்திகளை இரண்டு முறை படிப்பேன், பிறகு உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து மூன்றாம் முறை படிக்கச் சொல்வேன்.

1999 என்று நினைவு. ஞாயிறு பதிப்புக்கு ஒரு சிறுகதை வந்தது. பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றிலிருந்து, பால் மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி எழுதியது. கோடு போட்ட தாளில், பழைய எழுத்து வடிவத்தில். ‘லை’க்கும் ‘னை’க்கும் கொம்பு வளைத்துப் போடும் எழுத்து. விடியற்காலையில் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடும் ஒரு தாயின் கதை. நல்ல கதை. எனக்கு அது பிடித்திருந்ததால்தான் அதில் கூடுதலாகக் கை வைத்தேன். சென்னையில் இருப்பவனுக்கும் புரியட்டும் என்று ‘பெரட்டு’ என்பதைக் ‘காலை அணிவகுப்பு’ ஆக்கினேன். ‘நிரை’யை ‘மர வரிசை’, ‘மங்கு’வைக் ‘கிண்ணம்’, ‘உளி’யைக் ‘கத்தி’, ‘லய’த்தைக் ‘குடியிருப்பு’ என்று மாற்றினேன். ‘சடக்கு’ என்று வந்த இடமெல்லாம் ‘சாலை’. பெரியவர் அந்த வாரம் விடுப்பில் இருந்தார். கதை அப்படியே அச்சாயிற்று.

பத்து நாளில் கடிதம் வந்தது. கதையைப் போட்டதற்கு முதலில் நன்றி சொல்லியிருந்தார். பிறகு எழுதியிருந்தார்: எங்கள் தோட்டத்தில் அணிவகுப்பு எதுவும் நடந்ததில்லை, பெரட்டுதான் நடக்கும், கதையில் வருகிற பெண்பிள்ளை யாரென்று எனக்கே தெரியவில்லை.

கடிதத்தைப் பெரியவரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்தார். அடுத்த வாரம் என் ஓய்வு நாளுக்கு முந்தின இரவு அவருடைய தங்கை குடியிருந்த தோட்டத்துக்கு அழைத்துப் போனார். விடியற்காலை நான்கரை மணிக்கு எழுப்பிவிட்டார். மங்கலான விளக்கடியில் ஆட்கள் நின்றார்கள். தண்டல் பெயர் படித்தார். யாருக்கு எந்த நிரை என்று சொன்னார். அணிவகுப்பில் வரும் மிடுக்கு எதுவும் அங்கே இல்லை. தூக்கம் கலையாத முகங்கள், கொசு, தலையில் கட்டிய விளக்கு. அதுதான் பெரட்டு. பிறகு நிரைக்குள் போனோம். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். முந்தின வெட்டில் காய்ந்து நிற்கும் ஒட்டுப்பாலை முதலில் உரித்தெடுத்தார் அந்தத் தங்கை. பிறகு உளியை வைத்துப் பட்டையில் சாய்வாக ஒரு இழை சீவினார். காசைவிட மெல்லிய இழை. ஆழம் கொஞ்சம் கூடினால் மரம் காயப்பட்டுவிடும், குறைந்தால் பால் வராது. சீவிய கோட்டில் வெள்ளையாகப் பால் அரும்பி, ஓடி, தகரத் தூம்பில் இறங்கி மங்குவில் சொட்டியது. அவர் கையிலிருந்த கருவியின் முனை மடங்கி வளைந்திருந்தது. அதைக் கத்தி என்று யாரும் சொல்ல முடியாது.

அங்கே எனக்குப் புரிந்தது இன்னொன்று. அந்தத் தோட்டம் பாதி ஏற்கெனவே செம்பனைக்கு மாறியிருந்தது. மீதியில் வீடமைப்புத் திட்டம் வரப்போவதாகப் பலகை நட்டிருந்தார்கள். லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பெரட்டுக் களம் இருக்காது, ஆயாக்கொட்டகை இருக்காது. அந்தச் சொற்கள் தங்க இனி ஒரே இடம் அந்தப் பெண்மணியைப் போன்றவர்கள் எழுதும் கதைகள்தான். அதிலிருந்தும் நான் அவற்றை எடுத்துப் போட்டிருந்தேன். என் தொழில் வாழ்க்கையில் விட்ட எழுத்துப்பிழைகளை எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆனால் இன்றும் மனத்தைக் குத்துவது, பிழையே இல்லாத அந்த ஐந்தாறு சொற்களைத் திருத்தியதுதான்.

அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். கதை பிறகு ஒரு தொகுப்பில் வந்தபோது அவருடைய கையெழுத்துப் பிரதியை வைத்து மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தேன்.

கணினிக் கதை வேறு. சென்னையில் தட்டச்சுப் பொறி வரிசையில் பழகிய விரல்களை, அங்கே முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலுக்கு மாற்றிக்கொள்ள இரண்டு மாதம் ஆயிற்று. மலேசியாவில் பிறந்த மென்பொருள்தான் அது. சென்னையிலிருந்து யாராவது கட்டுரை அனுப்பினால் எழுத்துரு ஒத்துப்போகாமல் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒருங்குறி வந்து அந்தத் தலைவலி தீர்ந்தது.

நேர வித்தியாசம் மட்டும் கடைசிவரை தீரவில்லை. கோலாலம்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். சென்னையில் இரவு பத்து மணிக்கு ஒரு கட்சி உடைந்தால் எங்களுக்கு நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை. மனைவி வீட்டு வேலை முடித்துப் பேச உட்காரும் நேரத்தில் நான் முதல் பக்கத்தோடு போராடிக்கொண்டிருப்பேன். நான் பக்கத்தை அனுப்பிவிட்டு நிமிரும்போது அவள் தூங்கியிருப்பாள்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. பினாங்கிலிருந்து நிருபர் கூப்பிட்டபோது மதியம். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்றார். பெரும்பாலும் பினாங்கிலும் கெடாவிலுமாக, மலேசியாவில் அன்று அறுபத்தெட்டுப் பேர் மாண்டார்கள். மெரினா, நாகப்பட்டினம், இலங்கை, ஆச்சே என்று மணிக்கு மணி எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. எங்கள் டெஸ்க்கில் அந்தக் கடலுக்குச் சொல் இல்லை. கடல் கொந்தளிப்பு என்றார் ஒருவர். அது புயல் நாளுக்கு. கடல்கோள் என்றார் பெரியவர். பழந்தமிழ் நாட்டைக் கடல் கொண்ட கதையின் சொல். வாசகருக்கு எட்டுமா என்று தயங்கினேன். தலைப்பில் ‘பேரலை’ என்றும், உள்ளே ‘சுனாமி’ என்றும் போட்டோம். ஆழிப்பேரலை என்ற அழகான சொல் பிறகு வழக்கத்துக்கு வந்தது. ஆனால் பிணம் கிடக்கும் கரையில் நின்று மக்கள் சொன்னது சுனாமிதான். கூடுவாஞ்சேரி கடலிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அது தெரிந்தும் இரவு வரை நான்கு முறை வீட்டுக்குப் போன் அடித்தேன்.

பெரியவர் 2011இல் காலமானார். கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தின் மெய்ப்பு என்னிடம் வந்தது. அந்த நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளில் அஞ்சலி விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வரும். செய்தியில் பிழை வந்தால் மன்னிப்பவர்கள் அதில் மன்னிக்க மாட்டார்கள். மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பிறந்த தோட்டத்தின் பெயர், கருமக்கிரியை நடக்கும் நாள், முகவரி. நான்கு முறை படித்தேன். ஐந்தாம் முறை படித்தது பிழைக்காக அல்ல. பக்கத்து மேசைக்குத் தாளை நீட்டக் கை போய், திரும்பி வந்தது.

2013 மே 5 பொதுத்தேர்தலில் அந்த நாட்டில் முதன்முறையாக விரலில் மை வைத்தார்கள். அன்று இரவு டெஸ்க்கில் எல்லார் இடது ஆள்காட்டி விரலிலும் மை இருந்தது, என் விரலைத் தவிர. அந்தத் தேர்தலின் ஒவ்வொரு வேட்பாளர் பெயரையும் எழுத்துப் பிசகாமல் போட்டவன் நான். மறு வருடம் ஏப்ரல் 24, நம் நாடாளுமன்றத் தேர்தல். கூடுவாஞ்சேரியில் மனைவி வரிசையில் நின்று வாக்களித்துவிட்டு வந்து விரலைப் படமெடுத்து அனுப்பினாள். அன்றும் என் விரல் வெறுமைதான்.

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. மாலையிலிருந்தே சென்னைக் காப்பி வந்துகொண்டிருந்தது. தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் என்று பிறகு கணக்கு வந்தது. மனைவியின் போன் சாயங்காலம் ஆறு மணிக்கு அணைந்தது. அம்மாவுக்கு அப்போது எண்பத்தொரு வயது. உதவி ஆசிரியை ஒருத்தி, இருபத்து மூன்று வயது, சுறுசுறுப்பான பெண், ஆங்கிலக் காப்பியை மொழிபெயர்த்து என் திரைக்கு அனுப்பினாள். புறநகரில் வெள்ளம் புகுந்த ஊர்களின் பட்டியல். ‘தம்பாரம், முடிச்சூர், வரதராஜபுரம், குடுவாஞ்சேரி’.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் அப்படித்தான் எழுத வரும். அடையாறு எந்த ஏரிகளின் உபரியைச் சுமந்துகொண்டு புறப்படுகிறது, ஆதனூர் எங்கே, மண்ணிவாக்கம் எங்கே என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ‘தம்பாரம்’ என்பதைத் ‘தாம்பரம்’ ஆக்கினேன். ‘குடு’வை எடுத்துவிட்டுக் ‘கூடு’ என்று போட்டேன். அந்த ஓர் எழுத்தை அடித்துவிட்டு விசைப்பலகையிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. திரையில் ஊர்ப் பெயர் சரியாக இருந்தது. அந்த ஊரில் என் வீட்டுப் படியில் தண்ணீர் எத்தனை அடி என்று தெரியவில்லை. செய்தி ஆசிரியர் என்னைப் பார்த்துவிட்டு, “நீங்க எழுந்திருங்க, நான் பார்க்கிறேன்” என்றார். இல்லை என்று சொல்லி, பக்கத்தை நானே முடித்தேன். அந்த ஒரு பக்கத்திலாவது ஊர்ப் பெயரெல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று பட்டது. அதைத் தவிர அங்கிருந்து என்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். டிசம்பர் 4 காலை பக்கத்துத் தெருக்காரர் போனிலிருந்து மனைவி கூப்பிட்டாள். “மாடியில இருக்கோம், அத்தைக்கு ஒண்ணுமில்ல” என்று சொல்லி முடிப்பதற்குள் இணைப்பு அறுந்தது. அன்றிரவே திருச்சிக்கு டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து பேருந்து. தெற்கிலிருந்து வருபவனுக்குத் தாம்பரத்துக்கு முன்னாலேயே கூடுவாஞ்சேரி வந்துவிடும்; ஜி.எஸ்.டி. சாலையில் இறங்கி நடந்தேன். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் இன்னும் நின்றது. வீட்டுச் சுவரில் மார்பளவுக்குப் பழுப்புக் கோடு. அம்மா மாடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். “பசியாறினியாம்மா?” என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. “என்னடா கேக்குற?” என்றாள்.

தண்ணீர் ஏறும்போது மனைவி முதலில் அம்மாவையும், அடுத்து வீட்டுப் பத்திரத்தையும், அதற்கடுத்து நான் வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்த நோட்டுகளை ஒரு புடவையில் கட்டியும் மேலே கொண்டுபோயிருக்கிறாள். முதல் நோட்டு மட்டும் நனைந்திருந்தது. மொட்டைமாடியில் பிரித்துக் காயவைத்தோம். வலப்பக்கத்துச் சிவப்பு மை கரைந்து தாள் முழுக்க ரோஜா நிறமாகியிருந்தது. இடப்பக்கத்து நீலம் அப்படியே இருந்தது. பெரட்டு, நிரை, மங்கு, தாதி, மாண்டார்.

இரண்டு மாதத்தில் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினேன். 2016 மே 16 அன்று கூடுவாஞ்சேரிப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று மை வைத்துக்கொண்டேன். அம்மா அடுத்த வருடம் போய்விட்டாள். 2019 ஜனவரி கடைசியில் தமிழ் நேசன் நின்றுபோயிற்று என்று அங்கிருந்து ஒரு நண்பர் செய்தி அனுப்பினார். நூற்றாண்டைத் தொட ஐந்து வருடம் இருந்தது. நான் அதில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. ஆனாலும் அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கிற நாடு அது, மூத்த பத்திரிகை ஒன்றைக் காப்பாற்ற முடியாமல் போயிற்றே என்ற வேதனை இன்னும் ஆறவில்லை.

மலேசிய எழுத்தாளர்கள் பலர் சென்னையில் புத்தகம் அச்சிடுகிறார்கள். அவற்றில் சில என்னிடம் வருகின்றன. கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் வந்தபிறகு எங்கள் பக்கம் இரைச்சல் கூடிவிட்டது. காலை ஆறு மணிக்குள் ஒரு படிவத்தைப் பார்த்துவிடுவேன். ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு பெண் வாரத்துக்கு இரண்டு நாள் ரயிலேறி வருகிறாள். தமிழ் எம்.ஏ. முடித்தவள், மெய்ப்புப் பழகுகிறாள். போன வாரம் ஒரு தோட்டத்து நாவலின் தாள்களோடு உட்கார்ந்திருந்தாள். பென்சிலால் ஓரிடத்தில் வட்டம் போட்டிருந்தாள்.

“சார், ஆயாக்கொட்டகைன்னு வருது. அங்கன்வாடின்னு மாத்திடலாமா?”

“வேணாம்மா.”

“படிக்கிறவங்களுக்குப் புரியணுமே சார்?”

விடியற்காலைப் பெரட்டு, நிரைக்குள் ஓடும் தாய்மார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிழவி, தகரக் கூரை எல்லாவற்றையும் சொன்னேன். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்க தொட்டில் இருக்குமா சார்?”

“இருக்கும். உத்தரத்துல வரிசையா புடவைத் தூளி. ஒரு நாளைக்கு இருபது, முப்பது.”

ரப்பரை எடுத்து வட்டத்தை அழித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.